தினமும் வேதம் (பைபிள்) வாசிக்கிறோம், சரி. கீழ்ப்படிதல் எப்படி ஆராதனையாகும்?

ஆராதனை என்றதும் பாட்டும் ஜெபமும்தான் நினைவுக்கு வரும். காலையில் வாசித்த வசனத்தின்படி அன்றைக்கே நடப்பதும் ஆராதனைதான். கீழ்ப்படிதல் என்பது அதுதான்.

காரணம் 1 சாமுவேல் 15-இல் இருக்கிறது. எதிரிகளான அமலேக்கியரிடம் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது இஸ்ரவேலின் ராஜாவான சவுலுக்குத் தேவன் கொடுத்த கட்டளை. நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டு, கேட்டால் ‘பலியிடத்தான்’ என்கிறார். பலியைவிடக் கீழ்ப்படிதலே மேல் என்று தீர்க்கதரிசி சாமுவேல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். இந்தப் பகுதியின் மூலமொழியான எபிரெயத்தில் ‘ஷமா’ என்ற ஒரே சொல் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும்.

‘மாத்திரையை மறக்காமல் போடு’ என்று அம்மா கடிதம் எழுதுகிறார். கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், மாத்திரையைத் தொடவில்லை. அம்மாவுக்கு அதில் என்ன மரியாதை?

மத்தேயு 5:23-24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. அன்றைய வாசிப்பு முடிவது புத்தகத்தை மூடும்போது அல்ல, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனுக்குப் போன் போடும்போது. (எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.)

அப்புறம், கீழ்ப்படிந்து இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எபேசியர் 2:8 இரட்சிப்பைத் தேவனுடைய ஈவு, அதாவது பரிசு, என்கிறது; கீழ்ப்படிதல் அதற்கு நாம் காட்டும் நன்றி.