“உன் கை எங்கே?” என்று கேட்டால்...

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பிறக்கும்போதே இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பள்ளியில் பிள்ளைகள் “உன் கை எங்கே?” என்று கேட்கிறார்களாம், அதனால் தினமும் முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். கர்ப்பமாக இருந்தபோது நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வருவதில்லை. செயற்கைக் கை வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன், சகோதரி. கருவில் கை கால்கள் உருவாவது ஏறக்குறைய 4-வது வாரத்திலிருந்து 8-வது வாரத்துக்குள். கர்ப்பம் என்றே பலருக்கும் தெரியாத நாட்கள் அவை. வளரும் கைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், பல சமயம் காரணமே பிடிபடாது. நீங்கள் கனமான பையைத் தூக்கியதாலோ ஒருநாள் அழுததாலோ கை வளராமல் போகாது.

செயற்கைக் கை கேள்விகளை நிறுத்தாது. முழங்கைக்குக் கீழே கை இல்லாத குழந்தைகள் பலர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் கை முடியும் முனையின் தோலுக்குத் தொடு உணர்ச்சி இருக்கிறது, உறை போட்டு மூடினால் அது போய்விடும். வளர வளர வேறு மாற்றவும் வேண்டும். சைக்கிள் ஹேண்டிலைப் பிடிப்பது மாதிரி ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அவளே கேட்டால் சரி, செய்து கொடுங்கள்.

எனக்கும் வலது கை மணிக்கட்டோடு முடிகிறது. ஜாடி மூடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கித் திருகித் திறக்கிற ஆள் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: குழந்தைகளின் கேள்வி என்னை வலிக்கச் செய்ததே இல்லை. கேட்ட குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து “உஷ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று அதட்டிவிட்டு, என்னைப் பார்த்து “பாவம்” என்று முணுமுணுத்த அம்மாக்கள்தான் வலிக்கச் செய்தார்கள். அந்த ஒரு இழுப்பிலேயே, இது பேசக் கூடாத விஷயம் என்று கேட்ட குழந்தை, கை இல்லாத குழந்தை இரண்டுமே கற்றுக்கொள்கின்றன.

அதனால் உங்கள் மகளுக்குச் சொந்தமாக ஒரு பதில் இருக்கட்டும். “நான் இப்படித்தான் பிறந்தேன், வலிக்காது, வா விளையாடலாம்.” வீட்டிலேயே நீங்கள் கேள்வி கேட்டு அவளைச் சொல்லவைத்துப் பழக்குங்கள். பேசப் பிடிக்காத நாளில் “இன்னைக்குச் சொல்லமாட்டேன்” என்பதும் நல்ல பதில்தான். ஆசிரியரிடமும் பேசுங்கள், ஆனால் வகுப்பின் முன்னால் அவளை நிற்கவைத்து விளக்க வேண்டாம். சட்டைக் கையை அவளாக மடிக்கும்வரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், போலந்தின் டேபிள் டென்னிஸ் வீராங்கனை நடாலியா பார்டிகா ஆடும் வீடியோவைக் காட்டுங்கள். வலது முன்கை இல்லாமல் பிறந்தவர், 2008-ல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் ஆடினார். பதக்கக் கதையெல்லாம் வேண்டாம், சர்வீஸ் போடும்போது பந்தை முழங்கை மடிப்பில் வைத்து எப்படி எறிகிறார் என்று மட்டும் அவள் பார்க்கட்டும்.

கேள்வி: அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வலது கை இல்லை. எப்படிக் கைகுலுக்குவது? உதவலாமா?

பதில்: அவர் எதை நீட்டுகிறாரோ அதைப் பிடித்துக் குலுக்குங்கள், இடது கையோ, வலது கையின் முனையோ. “பிடிக்கட்டுமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமல் அவரிடமிருந்து ஃபைலைப் பிடுங்காதீர்கள். எனக்கு அப்படி நடந்து தாள்கள் முழுவதும் தரையில் சிதறியிருக்கின்றன.