"நீங்க சொன்னா சரி சார்!"

கேள்வி: விமானப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகப் பயிற்றுநராகச் சேர்ந்திருக்கிறேன். என் மாணவர் ஒருவர் அழகாகத் தரையிறக்குகிறார். ஆனால், "இன்று தனியாகப் பறக்கலாமா?" என்று கேட்டால், "நீங்க சொன்னா சரி சார்" என்கிறார். சொந்தமாக முடிவெடுக்க இவரை எப்படிப் பழக்குவது?

பதில்: இதுவரை எல்லா முடிவையும் நீங்களே சொல்லி வந்திருப்பீர்கள், அதனால்தான் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். காலை வானிலை அறிக்கையிலிருந்தே இதை மாற்றுங்கள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பார்வைத்தூரம் 5 கிலோமீட்டர், காற்று இல்லை, வெப்பநிலை 24, டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 23. "விதிப்படி போகலாம் சார்" என்பார். "திரும்பி வரும்போது எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். இடைவெளி ஒரே டிகிரி, மூடுபனி இறங்கலாம் என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும். நேரம் ஆனாலும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

விதி அனுமதித்தாலே புறப்பட்டுவிடலாம் என்ற நினைப்பு பொல்லாதது. அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் விமான விபத்து அறிக்கையை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, தானே விமானத்தை ஓட்டி நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பினார். சுமார் 300 மணி நேர அனுபவம் இருந்தது, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி இல்லை. வானிலையும் விதிக்கு உட்பட்டே இருந்தது. பயிற்றுநர் ஒருவர் கூட வருகிறேன் என்று சொல்லியும், தனியாகவே போக விரும்பினார். இருட்டிலும் மங்கலான மூட்டத்திலும் கடலுக்கு மேல் அடிவானம் புலப்படாமல், விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதே பிடிபடாமல் போய், மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே விழுந்தார்கள்.

"அஜாக்கிரதை சார்" என்று உங்கள் மாணவர் தீர்ப்புச் சொன்னால் விடாதீர்கள். முடிவெடுப்பதில் கென்னடி நிதானமானவர் என்றே விசாரணையில் ஒரு பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். "அன்று நீங்களாக இருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். புறப்படும் முன்பே இரண்டு மூன்று இடங்களைக் காட்டுவார்.

பறக்கும்போதும் இதே வழிதான். பாதி வழியில், "போகிற ஓடுதளத்தை மூடிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஆபத்து வரும்போது மட்டும் கட்டுப்பாட்டைக் கையில் எடுங்கள்.

இன்னொன்று. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். பறப்பது ரத்தாகும் ஒவ்வொரு நாளும் பயிற்சிக்காக வீட்டில் வாங்கிய கடனை நினைவூட்டும். அந்தப் பயத்தோடுதான் அவர் ஒருநாள், "இன்று வேண்டாம் சார்" என்பார். அப்போது உங்கள் முகம் சுருங்கிவிடக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள், சரியாக இருந்தால் பயிற்சிப் பதிவேட்டில் நல்ல முடிவு என்றே எழுதுங்கள். அந்த நேரத்தைச் சிமுலேட்டருக்குக் கொடுங்கள்.