போர்வை தைப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே நூலகத்தில் வாரம் ஒரு நாள் பெண்கள் கூடி ‘குவில்ட்’ தைக்கிறார்கள். வண்ணத் துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைக்கும் கனத்த போர்வை. ‘குவில்ட்ஸ் ஆஃப் வேலர்’ என்ற அமைப்பின் மூலம் அவை படைவீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போகின்றன. என்னையும் அழைத்தார்கள். இரண்டு வாரம் போனேன். சென்னையில் இருக்கும் என் தம்பி மகன் போனில் கேட்டான்: “அத்தை, இராக்கில் குண்டு போட்டவர்களுக்கா போர்வை தைக்கிறீர்கள்?” அன்றிலிருந்து ஊசி ஓடவில்லை. போர் எனக்கும் பிடிக்காது. போகாமல் இருக்கவும் மனமில்லை.

இன்னொரு தயக்கமும் உண்டு. பேரனுக்குப் பழைய சேலையில் ஓட்டுத் தையல் போட்டு விரிப்பு தைத்ததுதான் என் அனுபவம். அந்தப் பெண்களின் நேர்த்திக்கு முன்னால் என் கை எடுபடுமா? போர்வையின் பின்புறம் தைத்தவர் பெயரை ஒரு துணித் துண்டில் எழுதி வைக்கிறார்கள். அதில் என் பெயரைத் தமிழிலும் எழுதலாமா? அற்பமான கேள்வி என்று நினைத்தால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி மகனின் கேள்வி நியாயமானது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இராக்கில் வீடிழந்தவர்களுக்குப் போர்வை தைத்தது யார் என்று அவர் அடுத்துக் கேட்டால், அதுவும் நியாயமே. உங்கள் போர்வை அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. பதிலாக வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதால்தான் ஊசி ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த அமைப்பு எப்படித் தொடங்கியது என்று உங்கள் குழுவில் சொல்லியிருப்பார்கள். தம்பி மகனுக்குத் தெரிந்திருக்காது. டெலவேர் மாநிலத்தில் சீஃபோர்ட் என்ற சிற்றூரில் இருந்த கேத்தரீன் ராபர்ட்ஸ் என்ற பெண்மணியின் மகன் 2003இல் இராக்கில் பணியில் இருந்தார். அப்போது அந்தத் தாய் ஒரு கனவு கண்டார். நள்ளிரவில் ஓர் இளைஞன் கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், அவனைச் சுற்றி இருள் மொய்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த காட்சியில் அவன் மேல் ஒரு குவில்ட் போர்த்தியிருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. அவ்வளவுதான் கனவு. முதல் போர்வை அதே ஆண்டு நவம்பரில், வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், இராக்கில் காலை இழந்த ஓர் இளைஞருக்குப் போனது. இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அந்தக் கனவில் வந்தவன் சண்டையிடும் வீரன் அல்ல என்பதைக் கவனியுங்கள். தூக்கம் வராமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பவன். அவனை எனக்குத் தெரியும். என் பெரியப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

1971 போர் முடிந்து சில ஆண்டுகளில் அவர் ஊர் திரும்பினார். காயம் என்று உடம்பில் எதுவும் இல்லை. பகலில் தூங்குவார், இரவில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் எழுந்து நின்றுவிடுவார். பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறக் கம்பளி ஒன்றைத்தான் எப்போதும் போர்த்திக்கொள்வார். அது தேங்காய் நார் போலக் குத்தும். கழுத்தெல்லாம் சிவந்துவிடும், ஆனாலும் விடமாட்டார். பெரியம்மா ஒருநாள் தன் பழைய சின்னாளப்பட்டிச் சேலையை இரண்டாக மடித்து, அந்தக் கம்பளியின் உட்புறம் வைத்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, நடுவிலும் நாலைந்து வரிசை ஓட்டிக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒருமுறை போகிக்கு முன்னால் தையலைப் பிரித்துச் சேலையைத் துவைத்துக் காயவைத்து மறுபடியும் தைப்பார். சேலை நைந்து போனபோது வேறு சேலை வைக்கப் பார்த்தார். பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார். பிறகு கிழிந்த இடங்களில் மட்டும் ஒட்டுப் போட்டார். கடைசியில் அதில் முதல் சேலையைவிட ஒட்டுகள்தான் அதிகமாக இருந்தன.

பெரியம்மாவுக்கு வங்கதேசப் போர் பற்றி என்ன கருத்து இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் தையலில் அது தெரிந்திருக்காது.

‘அது சொந்தக் கணவர், இது யாரோ’ என்று நீங்கள் சொல்லக்கூடும். யாரோ ஒருவருக்கு, அதுவும் எதிரித் தரப்பு ஆளுக்குத் தைத்தவர்களும் உண்டு. நம் மக்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில் நடந்தது இது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு பகுதி, ஆண்கள் வேறு பகுதி. போர்க்கைதிகள் வெளியே முகாம்களில். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி பற்றி அவனுக்கும் தெரியாது. கடிதம் போட வழியில்லை. அப்போது கைதிகளில் ஒருவரான கனடாக்காரர் எதெல் மல்வனி ஒரு யோசனை சொன்னார்: மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்டவர்களுக்கு குவில்ட் தைத்துத் தருகிறோம் என்று கேட்போம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி எதையாவது தைத்துத் தன் பெயரையும் தைக்க வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று. காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று.

மூன்றாவது போர்வை, அனுமதி வாங்குவதற்கான தந்திரம் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தந்திரத்துக்காக என்றாலும், தங்களைச் சிறை வைத்தவர்களின் காயம்பட்ட ஆட்களுக்காக 66 சதுரம் தைத்திருக்கிறார்கள். அதில் எவ்வளவு தந்திரம், எவ்வளவு இரக்கம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறம் தைத்த வாசகம் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் துன்பத்தில் பங்கு கொள்கிறோம், போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ‘இதை டிரை கிளீனிங் செய்வது நல்லது’ என்று முடிகிறது. சிறைக்குள் உட்கார்ந்துகொண்டு டிரை கிளீனிங்! பொருளை உண்டாக்கியவளுக்குத்தான் அது எப்படிக் கெட்டுப்போகும் என்ற கவலை வரும்.

போர்வைக்கும் போருக்கும் உறவு இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாய்களே சீருடைத் துணியின் துண்டுகளை வைத்து குவில்ட் தைத்தார்கள். கிரிமியப் போரில் தலையில் காயம்பட்ட தாமஸ் வாக்கர் என்ற சிப்பாய் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து குவில்ட் தைப்பதை 1856இல் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். 1864 முதல் 1877 வரை இந்தியாவில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் பிரெய்லி என்ற சிப்பாய் இங்கே தைத்த ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடியும் சூதும் இல்லாமல் பொழுது போக வேண்டுமே என்று ராணுவமே தையலை ஊக்குவித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் மக்களிடம், நீங்கள் குவில்ட் தைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், கம்பளிகளை அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு மிச்சம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அப்போது குவில்ட் வீட்டுக்கு, கம்பளி வீரனுக்கு. இன்று அது தலைகீழாகிவிட்டது.

எனக்கும் ஒரு நெருடல் இருந்தது, உங்களிடம் மறைக்க வேண்டாம். இந்த அமைப்பு போர்வையை வெறுமனே கொடுப்பதில்லை, விருதைப் போல ‘வழங்குகிறது’. ஊரார் கூடியிருக்க, ஆளை நிறுத்தி, தோளில் போர்த்தி, மூன்று அடுக்குக்கும் பொருள் சொல்வார்கள்: மேல் துணி பல நிறமுள்ள மக்கள், நடுப்பஞ்சு வெதுவெதுப்பும் ஆறுதலும், அடித்துணி தாங்கி நிற்கும் வலிமை. நமக்கு மேடையில் பொன்னாடை போர்த்தியே சலித்துவிட்டது அல்லவா? அந்தச் சலிப்பில் நானும் உதட்டைப் பிதுக்கினேன். பிறகுதான் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களில் பலர் சீருடையைக் கழற்றி ஒளித்துவைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தவர்கள். அந்தப் போர் தவறு என்று கோபப்பட்ட ஊர், போகச் சொன்னவர்களை விட்டுவிட்டுப் போனவன் மேல் அதைக் காட்டியது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் தோளில் துணி விழுந்து, ‘வந்து சேர்ந்தாயே’ என்று யாரோ சொல்வதைக் கேட்டு அழுதால், என் சலிப்புக்கு அங்கே இடமில்லை. கைதட்டல் மட்டும் இன்னும் எனக்கு ஒட்டவில்லை. நீங்கள் தைப்பவர், விழாவுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

இனி உங்கள் கை பற்றி. ஓட்டுத் தையல் போடத் தெரிந்தவருக்கு குவில்ட்டில் புதிதாக எதுவும் இல்லை. நம் ‘கந்தை’யும் வங்காளத்தின் ‘காந்தா’வும் ஒரே சொல்தான். பழந்துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு அதை அவர்கள் கலை என்று உலகம் முழுக்க விற்கிறார்கள், நாம் கசக்கிக் கட்டச் சொல்வதோடு நிறுத்திவிட்டோம். நீங்கள் பேரனுக்குத் தைத்தது குவில்ட்டின் தங்கை. வித்தியாசம் அளவில் இருக்கிறது. அங்கே அளவு கண்டிப்பானது: குறைந்தது 55க்கு 65 அங்குலம், அதிகம் 72க்கு 90, உகந்தது 60க்கு 80.

முதலில் எளிதாக, வெறும் சதுரங்களால் ஒன்று செய்யுங்கள். தைத்து முடித்தபின் 5 அங்குலம் வரும் சதுரம் என்றால், அகலத்தில் 12, நீளத்தில் 16, ஆக 192 சதுரங்கள். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். இந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தையல் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, உள்ளே போனால் என்ன என்று தோன்றும். ஒரு தையலுக்கு இரு பக்கத் துணியிலும் வீசம் வீதம் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் போகும். ஒரு வரிசையில் 11 தையல். வரிசை முடியும்போது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் குறைந்திருக்கும். அடுத்த வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது. இழுத்துச் சேர்த்தால் நடுவில் உப்பும். பிரித்துத் தைப்பதற்கு வெட்கப்படாதீர்கள். அந்தப் பெண்களும் பிரித்துத்தான் கற்றிருப்பார்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலையை, நீண்ட கையுள்ள பெரிய மிஷின் வைத்திருக்கும் தன்னார்வலர் ஒருவர் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஓரப்பட்டி நம் ஊர் தையற்காரர் ‘கிராஸ் பீஸ்’ வைப்பது போலத்தான், உங்களுக்குக் கைவந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் இஸ்திரி போடுங்கள். துண்டுகளைத் தைத்ததும் மடிப்பை ஒரு பக்கமாக அழுத்தித் தேய்ப்பவர் இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்காரர் தைத்தாலும் மேல்துணி மேடு பள்ளமாகத்தான் வரும். குழுவில் அந்த வேலைக்குப் போட்டி இருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அவர்கள் கொடிநிறத்தில் தைக்க ஆசைப்படுவார்கள். அடர்சிவப்பு சாயம் விடும். மதுரைச் சுங்குடியை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்த நாளை நினைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்பே சிவப்புத் துணியைத் தனியாக நனைத்துப் பாருங்கள். நாள்கணக்கில் தைத்ததை முதல் துவைப்பில் இளஞ்சிவப்பாக்கி ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. பெற்றுக்கொள்பவர் அதை அலமாரியில் வைக்காமல் போர்த்திக்கொள்ள வேண்டும், நாய் படுக்க வேண்டும், காபி சிந்த வேண்டும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் பெண்கள் மருத்துவமனைகளுக்கென்று அனுப்பிய எண்ணற்ற குவில்ட்டுகளில் இன்று மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. மற்றவை நைந்து தீர்ந்துவிட்டன. அதற்குத்தானே தைத்தார்கள்.

தம்பி மகனிடம் வாதம் செய்ய வேண்டாம். அவர் கேட்டது அரசைப் பற்றி, நீங்கள் தைப்பது ஒரு ஆளுக்கு. போரை எதிர்த்து ஊர்வலம் நடந்தால் அதற்கும் போங்கள். செவ்வாய்க்கிழமை ஊர்வலமும் புதன்கிழமை தையலுமாக ஒரே ஆள் இருக்க முடியும்.

கடைசிக் கேள்வி அற்பமானதே அல்ல. சாங்கியில் தைத்த பெண்களுக்குப் பெயர்தான் மொத்தச் செய்தியும். உங்கள் போர்வையின் பின்புறத் துண்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டு, கீழே தமிழில் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். துணிக்கென்று விற்கும் அழியாத மைப் பேனாவில், துண்டைப் போர்வையோடு சேர்த்துத் தைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். தைத்த பிறகு எழுதினால், அடியில் இருக்கும் பஞ்சு அமுங்கி ‘கும்பகோணம்’ கோணிக்கொள்ளும்.

அன்புடன்.