ஓய்வுக்குப் பின் யார் நீங்கள்? கருவூலக்காரரிடம் கேளுங்கள்

அரசு ஓய்வூதியம் வழங்கும் சார்நிலைக் கருவூலத்தில் 31 வருடம் இருந்து 2023ல் ஓய்வு பெற்றவன் நான். உயிரோடு இருப்பதைக் காட்ட நேர்காணலுக்கு வரும் ஓய்வூதியர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். கேளுங்கள்.

மே 31 அன்று ஓய்வு. இன்னமும் காலை ஒன்பதுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்கிறேன். ஒரு போன் இல்லை. நான் யாரென்றே புரியவில்லை.

எனக்கும் அப்படித்தான் சார். போன் அடித்தால் ஓடுவேன், கிரெடிட் கார்டு வேண்டுமா என்பார்கள்.

எங்கள் ஆபீஸுக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருவார். முதல் வருடம் நேர்காணல் முடிந்தும் பெஞ்சை விட்டு எழவில்லை. பக்கத்தில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பாட்டி படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இவர் அதை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். மறுநாளும் வந்தார். அடுத்த வருடம் அவர் பையில் மைப்பெட்டி, பசை, மற்றவர்களுக்கென்று இரண்டு வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஒருநாள் காய்ச்சலில் வரவில்லை. ‘எச்.எம். ஐயா எங்கே?’ என்று என் மேஜைக்கு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

பொழுதுபோக்கை விடுங்கள். போகாத அன்று ‘ஆளைக் காணோமே’ என்று கேட்கிற இடமாகப் பாருங்கள். அப்புறம், கம்யூட்டேஷன் பணத்தை (ஓய்வூதியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்குவது) ஒரு வருடம் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தமிழாசிரியை. முட்டிவலி, வெளியே போக முடியாது.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலிலிருந்து தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களே மின்னூலாக்குகிறார்கள். மெய்ப்புப் பார்க்க உங்களை விட்டால் யார்?

மகன் கடை வைக்கக் கம்யூட்டேஷன் பணம் கேட்கிறான்.

ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விற்று வாங்கிய பணம் அது. 15 வருடம் கழித்துத்தான் ஓய்வூதியம் முழுசாகத் திரும்பும். ஒரு வருடம் போகட்டும்.

வாசலில் ‘வட்டாட்சியர் (ஓய்வு)’ என்று பலகை. மகள் சிரிக்கிறாள்.

கழற்றுங்கள்.

ஏன் கழற்ற வேண்டும்? கல்யாணப் பத்திரிகையில் எல்லோரும் போடுகிறார்களே!

பத்திரிகையில் சம்பந்தி பார்ப்பார், போடலாம். வாசலில் தபால்காரர்தான் பார்க்கிறார்.

நான் லைன்மேன் (ஓய்வு). நள்ளிரவிலும் ஃபியூஸ் போனால் தெருவே என்னைத்தான் எழுப்புகிறது. பலகை இருக்கட்டும் ஐயா.

உங்களுக்குப் பலகையே தேவையில்லை, அதைத்தான் சொல்கிறேன். வட்டாட்சியர் சார், மனு எழுதத் தெரியாதவர்கள் வந்து கதவைத் தட்டினால் உங்கள் பலகையும் இருக்கட்டும். சரி, பாதி தோற்றேன்.

பொழுதே போகவில்லை, என்ன செய்யலாம்?

முதல் பதில்.

எனக்கும் பொழுது…

முதல் பதில், ஐயா!

மருத்துவக் காப்பீட்டில் பணம் குறைத்துவிட்டார்கள்.

ரசீதுகளோடு உங்கள் கருவூலத்தில் கேளுங்கள்.

அப்பா படுக்கையில். நேர்காணலுக்கு எப்படி?

தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுப்பார். கட்டணம் 70 ரூபாய்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று மூன்று மாதம். என் சமையலறையில் டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டி, இருப்புப் பதிவேடு போட்டுவிட்டார். கடுகு 4, வெந்தயம் 7. எனக்கு எப்போது ஓய்வு?

அம்மா, நாளைக் காலை பத்து மணிக்கு அவரைக் கருவூலத்துக்கு அனுப்பிவையுங்கள். கையில் பேனாவும் கண்ணாடியும் இருக்கட்டும். பதிவேட்டை மட்டும் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.