கசாய் அறுவை செய்த குழந்தைக்குக் கல்லீரல் மாற்று: முதல் அறுவை தடையாகுமா?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்தது. பிறந்த 70ஆம் நாளில், பித்தம் வடியக் குடல் வளையத்தை ஈரலோடு இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை செய்தோம். சில மாதங்கள் நன்றாக இருந்தாள். மறுபடியும் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. இப்போது 14 மாதம், எடை 7 கிலோ. கல்லீரல் மாற்று தேவை என்கிறார்கள். ‘முதலிலேயே மாற்று அறுவைக்குப் போயிருக்கலாம், வயிற்றைத் திறந்ததால் இனி ஆபத்து அதிகம்’ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. நாங்கள் தவறு செய்துவிட்டோமா?

பதில்: இல்லை அம்மா, நீங்கள் தவறு செய்யவில்லை. கசாய் செய்யாமல் விட்டிருந்தால், பித்தம் வெளியேற வழியின்றி ஈரல் இன்னும் வேகமாகச் சுருங்கியிருக்கும். மாற்று அறுவையை மிகச் சிறிய உடலில், நூல் போன்ற ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்ய நேர்ந்திருக்கும். குழந்தை வளர்வதற்கான மாதங்களை அந்த முதல் அறுவைதான் வாங்கித் தந்தது.

உறவினர் சொன்னதில் ஓரளவு உண்மையும் உண்டு. முன்பு திறந்த வயிற்றில் குடலும் ஈரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரல் சுருங்கிய குழந்தைகளுக்கு அந்த ஒட்டுகளுக்குள் புதிய ரத்தக்குழாய்களும் ஓடும். பிரித்தெடுக்க நேரமாகும், ரத்தம் கூடுதலாக இழக்க நேரலாம். நான் அதிகம் அஞ்சுவது குடலில் துளை விழுவதைத்தான். அது அறுவை முடிந்து சில நாட்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். புதிய ஈரலை உடல் நிராகரிக்காமலிருக்க ஸ்டீராய்டு கொடுக்கும்போது வலியும் காய்ச்சலும் மங்கலாகவே தெரியும். அதனால்தான் அந்த நாட்களில் வயிறு சற்று உப்பினாலும் மருத்துவர்கள் பதறி ஓடிவருவார்கள். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை மெலிந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே டாப்ளர், சிடி ஸ்கேனில் பார்ப்பார்கள்.

ஒரு நன்மையும் உண்டு. கசாயின்போது பித்தம் வடிய ஈரலோடு இணைத்த குடல் வளையத்தையே பெரும்பாலும் புதிய ஈரலின் பித்தநாளத்தை இணைக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். எப்படியும் அமைக்க வேண்டிய வளையம் அது.

அனுபவமுள்ள மையங்களில், ஒரு முறை கசாய் செய்துகொண்ட குழந்தைகள் மாற்று அறுவைக்குப் பின் மற்றவர்களைப் போலவே நன்றாக வாழ்கிறார்கள். தோற்றுப்போன கசாயை மீண்டும் மீண்டும் செய்வதுதான் சிக்கலைக் கூட்டுகிறது. அதை யாராவது பரிந்துரைத்தால், தயவுசெய்து மாற்று அறுவை மையத்தில் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

இப்போது உங்கள் கவனம் எடையில் இருக்கட்டும். பித்தம் குறைந்தால் சாதாரணக் கொழுப்பு செரிக்காது. பித்தம் குறைவாக இருந்தாலும் செரிக்கும் எம்சிடி எண்ணெய், ஏ, டி, இ, கே வைட்டமின்கள், தேவைப்பட்டால் மூக்குக் குழாய் வழி உணவு என எல்லாவற்றையும் கேட்டுச் செய்யுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பித்தநாளத் தொற்றாக இருக்கலாம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மாற்று அறுவைக்குப் போதிய வாரங்கள் முன்பே முடிக்க வேண்டும். தேதியை மாற்று அறுவைக் குழுவே குறித்துத் தரட்டும். முதல் அறுவையின் முழுக் குறிப்பை அந்த மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடல் வளையத்தை எப்படி அமைத்தார்கள் என்பது அடுத்த அறுவை செய்பவருக்கு மிகவும் உதவும்.