ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நல்ல உதாரணம்: கியூபா, 1962

பழைய ஆவணங்கள் இன்றைய வெளியுறவு முடிவுகளுக்கு எப்படி உதவும், கட்டுரைக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கியூபா ஏவுகணை நெருக்கடியை, அதாவது கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்ததை, எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் கென்னடி அசையாமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷேவ் பின்வாங்கினார் என்றே பல ஆண்டுகள் பேசினார்கள். அமெரிக்காவில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்தி 1990களில் வெளியானபோது பின்னணியில் நடந்த ரகசிய பேரத்தின் விவரம் தெரிந்தது. அக்டோபர் 27 இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி டோப்ரினினிடம், துருக்கியில் உள்ள அமெரிக்க ஏவுகணைகளை நான்கைந்து மாதத்தில் எடுத்துவிடுவோம், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்கிறார். 1963 ஏப்ரலில் எடுத்தும்விட்டார்கள். இதை மறைத்ததால், விறைப்பாக நின்றால் போதும் என்ற தப்பான பாடம் அரசியல்வாதிகள் மனதில் ஊறிப்போனது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அப்புறம், தந்தியை மட்டும் நம்பாதீர்கள். அது தூதர் தன் மேலிடத்துக்கு எழுதியது. அப்போது வெள்ளை மாளிகையில் நடந்த ஆலோசனைகளைப் பதிவுசெய்த ஒலிநாடாக்களின் எழுத்து வடிவத்தோடு சேர்த்துப் படியுங்கள்.