ரோட் பைக் சில்லும் ரயரும்: கேட்டதும் சொன்னதும்

உப்புவெளித் தம்பி: அண்ணா, மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய ரேசர் சைக்கிளின் ரயரில் 27 x 1¼ என்று இருக்கிறது. 700சி ரயர் போடலாமா? இரண்டும் ஒன்று போலத்தான் தெரிகிறது.

போட முடியாது. ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 27 அங்குலத்துக்கு 630 மில்லிமீற்றர், 700சிக்கு 622. சின்ன ரயர் உங்கள் றிம்மில் ஏறவே ஏறாது. மாறி நடந்தால்தான் ஆபத்து: 27 ரயர் 700சி றிம்மில் சுகமாக ஏறும், காற்று அடிக்கும்போது கழன்று வெடிக்கும். ரயரின் பக்கவாட்டில் 28-622 என்ற மாதிரி எழுதியிருக்கும். முதலாவது அகலம், மற்றது விட்டம். கடையில் அதைச் சொல்லியே கேளுங்கள். நம்மூர் பெரிய சைக்கிளின் 28 x 1½ என்பது 635, அது வேறு கதை. பிரேக் கட்டையை 4 மில்லிமீற்றர் கீழே இறக்க இடமிருந்தால் 700சி சில்லே வாங்கிப் பூட்டிவிடலாம். ரயர் தேடி அலையத் தேவையில்லை.

கிண்ணியாவிலிருந்து: 23 மில்லிமீற்றர் அகல ரயர்தானே வேகம்?

அப்படித்தான் முன்பு எல்லோரும் நம்பினோம். கண்டி வீதி போல நல்ல தாரில்கூட 28 பின்தங்காது, உள்வீதிக் கிரவலில் கையும் இடுப்பும் தப்பும். 70 கிலோ ஆள் ரியூப் போட்டு ஓடினால் காற்றழுத்தம் 75 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பார்க்கலாம். வாங்கமுதல் பிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பழைய பைக்குகள் பலவற்றில் 25க்கு மேல் தட்டும்.

நிலாவெளித் தங்கச்சி: அண்ணா, 50 மில்லிமீற்றர் உயர றிம் உள்ள காபன் சில்லு மலிவாக வருகிறது. ஹூக்லெஸ்ஸாம். எடுக்கவா?

நிலாவெளி வீதி வடக்கே போகிறது, கச்சான் காற்று மேற்கிலிருந்து வருகிறது. முன் சில்லில் 50 இருந்தால் காற்று ஹாண்டிலைப் பிடுங்கும். நானென்றால் முன்னுக்கு 35க்கு மேல் போகமாட்டேன். ஹூக்லெஸ் றிம்மில் ரயரைப் பிடித்துக்கொள்ளும் உதடு இல்லை. ரியூப்லெஸ் ரயர்தான் போட வேண்டும், அதிலும் ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று கொம்பனி சொன்னது மட்டும். காற்று 5 பாருக்கு, அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது. 100 அடித்துப் பழகிய கை என்றால் வேண்டாம். அப்புறம், பிரேக் றிம்மில் பிடிப்பதா டிஸ்க்கா என்றும் பாருங்கள். காபனில் றிம் பிரேக் என்றால் மார்கழி மழையில் நினைத்த இடத்தில் நிற்காது.

மூதூரிலிருந்து: 11 கியர் ஹப்பில் (சில்லின் நடுக்குடத்தில்) என் 10 கியர் கசெற் (பின் பற்சக்கரத் தொகுதி) ஏறுமா?

ஷிமானோ என்றால் பெரும்பாலும் ஏறும். பின்னால் 1.85 மில்லிமீற்றர் வளையம் போட வேண்டும்.

கோணேசர் கோயிலடி ஐயா: கடற்காற்றுக்கு எந்தச் சில்லு தாங்கும்?

அலுமினிய றிம், ஸ்டெயின்லெஸ் கம்பி, கம்பியை றிம்மில் இறுக்கும் நிப்பிள் பித்தளையில். அலுமினிய நிப்பிள் கொஞ்சம் பாரம் குறைவு, ஆனால் உப்பில் அரித்து, கம்பி இறுக்கப் போனால் உடையும். கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், ஐயா.